பழைய காரில் பெரிய எஞ்சின்

முன்னுரை

ஒரு காரின் வேகத்தை எப்படிக் கூட்டுவது என்று யாரைக் கேட்டாலும், "பெரிய எஞ்சினாக வைத்துவிட்டால் போயிற்று" என்றே விடை வரும். இந்த விடை பாதி சரியானது. மறு பாதியை அறியாமல் இதைச் செய்பவருக்குப் பொருள் நட்டம் மட்டுமன்று, உயிர் நட்டமும் நேரக்கூடும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1960களில் வெளிவந்த ஒருவகைக் கார்கள் இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகின்றன. அவற்றை 'மசில் கார்' என்பார்கள். இன்றும் அந்நாட்டில் அப்பழைய கார்களை வாங்கிப் பழுது நீக்கி, முன்பு இருந்ததைவிடப் பெரிய எஞ்சினைப் பொருத்துவதைப் பலர் தொழிலாகவும் பொழுதுபோக்காகவும் கொண்டிருக்கிறார்கள். இதெல்லாம் ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. இதில் அடங்கியுள்ள கணக்கும் இயற்பியலும் நம் பாடப்புத்தகத்தில் உள்ளவைதாம். எனவே, ஒரு பெரிய எஞ்சின் ஒரு காருக்குள் வரும்போது அதனோடு இன்னும் எவையெல்லாம் மாறவேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மசில் கார் என்பது யாது?

'மசில்' என்றால் தசை. தசை வலிமை மிக்க பயில்வானைப் போன்ற கார் என்பது இப்பெயரின் பொருள். பெரும்பாலும் இரண்டு கதவுகள், நடுத்தர அளவுள்ள உடல், பெரிய காருக்கென்று செய்யப்பட்ட எட்டு சிலிண்டர் எஞ்சின், இளைஞர்கள் வாங்கக்கூடிய விலை: இவையே அதன் இலக்கணம். எட்டு சிலிண்டர்களும் பக்கத்திற்கு நான்காக, 'வி' என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் சாய்ந்து நிற்பதால் அதை 'வி-8' எஞ்சின் என்று அழைக்கிறார்கள்.

1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்ற காரையே இவ்வகையின் முதல் கார் என்று பலர் கூறுவர். அதன் கதையைப் பார்ப்பதற்கு முன், எஞ்சினின் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எஞ்சினின் அளவு

எஞ்சினின் அளவு என்று நாம் சொல்வது அதன் வெளித்தோற்றத்தின் அளவை அன்று. சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழிருந்து மேல்வரை சென்று வரும்போது அது கடக்கும் இடத்தின் கன அளவையே அவ்வாறு கூறுகிறோம். உருளையின் கன அளவு காண நாம் அளவியல் பாடத்தில் படித்த சூத்திரமே இங்கும் உதவுகிறது. ஆரத்தின் வர்க்கத்தைப் பையால் பெருக்கி, அதைப் பிஸ்டன் செல்லும் தூரத்தால் பெருக்கினால் ஒரு சிலிண்டரின் அளவு கிடைக்கும். அதை எட்டால் பெருக்கினால் வி-8 எஞ்சினின் முழு அளவு வந்துவிடும்.

ஜி.டி.ஓ. காரின் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 10.32 சென்டிமீட்டர்; பிஸ்டன் செல்லும் தூரம் 9.525 சென்டிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு சிலிண்டரின் அளவு ஏறத்தாழ 797 கன சென்டிமீட்டர் என்று வருகிறது. எட்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்துச் சுமார் 6,375 கன சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர். அமெரிக்கர்கள் இதைக் கன அங்குலத்தில் 389 என்று குறிப்பார்கள்.

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு வெளிவந்து, பல இலட்சம் குடும்பங்களின் முதல் காராக விளங்கிய மாருதி 800ஐ நம் பெற்றோர் நன்கு அறிவர். அதன் மூன்று சிலிண்டர்களையும் சேர்த்தாலே எஞ்சினின் அளவு 796 கன சென்டிமீட்டர்தான். ஆக, ஜி.டி.ஓ. காரின் ஒரே ஒரு சிலிண்டர் நம் ஊர்க் கார் ஒன்றின் முழு எஞ்சினுக்குச் சமம்! அப்படிப்பட்ட எட்டு சிலிண்டர்கள் ஒரு பானெட்டுக்குள் இருந்தன என்றால் அதன் வலிமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

எளிதாக அமர்ந்த எஞ்சின்

பான்டியாக் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு. 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனம் தன் பிரிவுகள் எதுவும் கார்ப் பந்தயங்களில் ஈடுபடக்கூடாது என்று தடை விதித்தது. அதுவரை பந்தய வெற்றிகளைக் காட்டியே இளைஞர்களைக் கவர்ந்துவந்த பான்டியாக் பிரிவினருக்கு இது பெரும் இடையூறாயிற்று. அப்போது அப்பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். அவருடன் பில் காலின்ஸ், ரஸ் கீ என்ற பொறியாளர்களும் பணிபுரிந்தனர்.

அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்கு 326 கன அங்குல எஞ்சின் இருந்தது. பெரிய கார்களுக்கு 389 கன அங்குல எஞ்சின் இருந்தது. இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிஸ்டன் செல்லும் தூரம் இரண்டிலும் ஒன்றே. சிலிண்டரின் விட்டத்தில்தான் வேறுபாடு, அதுவும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆரத்தை வர்க்கம் செய்து பெருக்குவதால் இச்சிறு வேறுபாடே எட்டு சிலிண்டர்களில் சேர்ந்து ஆயிரம் கன சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. ஆனால் வெளிப்புறத்தில் இரு எஞ்சின்களும் ஒரே அளவுதான். எனவே சிறிய எஞ்சினைத் தாங்கிய அதே தாங்கிகளில் பெரிய எஞ்சினும் அப்படியே உட்கார்ந்துவிடும் என்பதைக் காலின்ஸ் சுட்டிக்காட்டினார்.

இதில் இன்னொரு தடையும் இருந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கலாகாது என்பது நிறுவனத்தின் விதி. அதனால் பான்டியாக் பிரிவினர் இதைப் புதிய கார் என்று அறிவிக்கவில்லை. டெம்பெஸ்ட் வரிசையில் இருந்த லெ மான்ஸ் காருக்கு, விருப்பமுள்ளவர் கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் ஒரு தொகுப்பாகவே விற்றனர். ஐயாயிரம் கார்களுக்கு மேல் விற்காது என்று விற்பனைப் பிரிவினர் எண்ணியிருக்க, முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றுத் தீர்ந்தன. வெற்றியைக் கண்டதும் மற்ற நிறுவனங்களும் இதே வழியில் இறங்கின.

அத்தொகுப்பில் எஞ்சினோடு வேறு சிலவும் சேர்ந்து வந்தன. கடினமான ஸ்பிரிங்குகள், முன்பக்கத்தில் தடித்த நிலைநிறுத்தும் கம்பி, அகலமான சக்கர விளிம்பு, இரட்டைப் புகைக்குழாய் ஆகியவை அவற்றுள் சில. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. நான்கு சக்கரங்களிலும் சாதாரண டெம்பெஸ்ட் காரில் இருந்த அதே ஒன்பதரை அங்குல டிரம் பிரேக்குகளே இருந்தன. ஓடும் ஆற்றல் வளர்ந்தது. நிறுத்தும் ஆற்றல் இருந்த இடத்திலேயே இருந்தது. இதன் விளைவைப் பின்னர்ப் பார்ப்போம்.

இடம் கொள்ளாத எஞ்சின்

எல்லா எஞ்சினும் இப்படிச் சொன்னபடி கேட்டு உட்கார்ந்துவிடுவதில்லை. அதற்குச் சான்று ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங் கார். 1964 ஏப்ரல் 17ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது அறிமுகமானபோது, அதில் இருந்த மிகச் சிறிய எஞ்சின் 170 கன அங்குலம் கொண்டது. ஐந்தே ஆண்டுகளில், 1969இல், அதே பெயருள்ள காரில் 429 கன அங்குல எஞ்சினைப் பொருத்த நேர்ந்தது. அது ஏழு லிட்டர். முதலில் இருந்ததைப்போல் இரண்டரை மடங்கு!

ஏன் அப்படி ஒரு தேவை வந்தது? 'நாஸ்கார்' என்னும் அமெரிக்கப் பந்தயத்தில் ஓர் எஞ்சினைப் பயன்படுத்த வேண்டுமானால், அந்த எஞ்சின் பொருந்திய கார்களில் ஐந்நூறாவது பொதுமக்களுக்கு விற்கப்பட்டிருக்க வேண்டும். தன் புதிய பந்தய எஞ்சினுக்கு அந்தத் தகுதியைப் பெறவே ஃபோர்டு அதை மஸ்டாங்கில் வைத்து விற்றது. அக்காருக்குப் 'பாஸ் 429' என்று பெயர்.

இங்கே சிக்கல் அகலத்தில் வந்தது. மஸ்டாங் காரில் முன்சக்கரங்களின் ஸ்பிரிங்குகளைத் தாங்கும் இரும்புக் கோபுரங்கள் எஞ்சினுக்கு இருபுறமும் நிற்கும். புதிய எஞ்சினின் தலைப்பகுதிகள் மிக அகலமானவை. அவை அக்கோபுரங்களுக்கு நடுவே அடங்கவில்லை. வழக்கமான தொழிற்சாலை வரிசையில் இதைச் செய்ய முடியாமல், மிச்சிகன் மாநிலத்தில் பிரைட்டன் என்ற ஊரில் கார் கிராஃப்ட் என்னும் நிறுவனத்திடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. அங்கே கோபுரங்களை வெளிப்புறமாகத் தள்ளி அமைத்தார்கள். அதனால் முன்சக்கரங்களின் கைகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. பானெட்டுக்குள் இடமில்லாததால் பாட்டரி பின்பக்கத்து டிக்கிக்குப் போயிற்று. எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் கருவி வந்தது. குளிர்சாதன வசதிக்கோ இடமே இல்லாமற் போயிற்று.

ஓர் எஞ்சின் உள்ளே வருவதற்காக எத்தனை பொருள்கள் இடம் பெயர்ந்தன, பார்த்தீர்களா? ஒருவர் வருகிறார் என்று நினைத்துச் சமைத்த வீட்டில் பத்துப் பேர் வந்து இறங்கினால் பாய், பாத்திரம், படுக்கை எல்லாவற்றையும் மாற்றி அமைப்பதைப் போன்றதே இதுவும்.

அடிச்சட்டத்தின் வலிமை

இடம் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? தாங்கும் வலிமையும் வேண்டும். கரோல் ஷெல்பி என்பவர் அமெரிக்கர். 1959இல் பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற ஓட்டுநர்களுள் ஒருவர். இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் செய்துவந்த 'ஏஸ்' என்ற இலகுவான காரில் அமெரிக்க எஞ்சினை வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1962இல் ஃபோர்டு நிறுவனத்தின் 260 கன அங்குல எஞ்சினை அதில் பொருத்தினார். அதுவே 'கோப்ரா' எனப் புகழ்பெற்றது. இஃது ஓட்டப் பந்தயத்திற்குரிய சிறு கார்; மசில் கார் வகையைச் சேர்ந்ததன்று. எனினும் இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு.

260இலிருந்து 289 கன அங்குலத்திற்கு உயர்ந்தபோது அந்தக் காரின் அடிச்சட்டம் தாங்கிக்கொண்டது. ஆனால் 427 கன அங்குல எஞ்சினை வைக்க முற்பட்டபோது பழைய சட்டம் அதற்குப் போதுமானதாக இல்லை. எனவே 1965இல் வெளிவந்த காரில் அடிச்சட்டத்தின் நீண்ட குழாய்களின் விட்டத்தை மூன்று அங்குலத்திலிருந்து நான்கு அங்குலமாக்கினார்கள். பட்டை ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குகளை அமைத்தார்கள். காரின் அகலத்தையும் கூட்டினார்கள். பெயர் பழையதாயினும் அது ஏறக்குறையப் புதிய கார் என்றே சொல்ல வேண்டும்.

எஞ்சினுக்குப் பின்னால் நிற்பவை

எஞ்சின் உண்டாக்கும் ஆற்றல் நேராகச் சக்கரத்தை அடைவதில்லை. கிளட்ச், கியர் பெட்டி, நீண்ட புரொபெல்லர் ஷாப்ட், பின் அச்சு ஆகியவற்றின் வழியாகவே அது செல்கிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. எந்தக் கண்ணி நலிந்ததோ அங்கேதான் சங்கிலி அறும்.

ஜி.டி.ஓ. காரின் எஞ்சின் தரும் அதிகபட்ச முறுக்கு விசை சுமார் 580 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது இரண்டரை மடங்காகிறது என்றும், பின் அச்சில் மேலும் மூன்று மடங்காகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது பின் அச்சுகளைத் திருகும் விசை 4,350 நியூட்டன் மீட்டராகிவிடும். சிறிய எஞ்சினுக்கென்று செய்த அச்சு இதைத் தாங்குமா? நின்ற இடத்திலிருந்து திடீரென்று பாயும்போதுதான் பெரும்பாலும் அச்சு முறிவதும், மூட்டுகள் உடைவதும் நேரிடுகின்றன. அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் மயிலிறகு கூட வண்டியின் அச்சை முறித்துவிடும் என்னும் கருத்தை வள்ளுவர் அன்றே சொல்லிச் சென்றார். மயிலிறகுக்கே அப்படியானால் வி-8 எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

அடுத்தது வெப்பம். எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பங்கைக் குளிர்விக்கும் நீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. ஆகவே எஞ்சின் கூடுதலாக வேலை செய்யச் செய்ய, ரேடியேட்டரும் கூடுதல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பழைய சிறிய ரேடியேட்டரையே விட்டுவைத்தால், போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது நீர் கொதித்து, எஞ்சினின் தலைப்பகுதி வளைந்து, செய்த செலவெல்லாம் வீணாகும்.

எடையையும் மறக்கலாகாது. அக்காலத்துப் பெரிய எஞ்சின்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனவை. அந்த எடை முழுவதும் முன்சக்கரங்களின்மீது விழும். முன்பக்கம் கனத்தால் வளைவுகளில் கார் திரும்ப மறுத்து நேராகவே செல்ல முற்படும். ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். நேர்ச்சாலையில் பறக்கும் கார் வளைவில் தடுமாறுவதற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம்.

நிறுத்தும் ஆற்றல்

இனி எல்லாவற்றிலும் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். ஓடும் பொருளுக்கு இயக்க ஆற்றல் உண்டு என்றும், அது நிறையின் பாதியைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது என்றும் நாம் படித்திருக்கிறோம். இந்த 'வர்க்கம்' என்ற ஒரு சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

1,600 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 2,22,000 ஜூல். அதே கார் 120 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அது இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி, சுமார் 8,89,000 ஜூல் ஆகிறது. காரை நிறுத்துவது என்றால் இவ்வளவு ஆற்றலையும் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு மூன்று லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரே ஒருமுறை காரை நிறுத்துவதற்கே இவ்வளவு! பிரேக்கின் பிடிப்பு மாறாதிருக்குமானால், நிற்பதற்கு ஆகும் தூரமும் நான்கு மடங்காகும். குழந்தை ஒன்று சாலையின் குறுக்கே ஓடிவந்தால் அந்தத் தூரத்தின் பொருள் என்ன என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

டிரம் பிரேக்கில் உருளை வடிவ இரும்புக்குள் இருக்கும் கட்டைகள் வெளிப்புறமாக விரிந்து உரசுகின்றன. சூடேறினால் அந்த இரும்பும் விரிந்து கட்டைகளிலிருந்து விலகுகிறது. உராயும் பொருளின் பிடிப்பும் குறைகிறது. வெப்பம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் இரண்டு மூன்று முறை கடுமையாக பிரேக் போட்டபின், நான்காம் முறை மிதித்தால் கால் உள்ளே போகும், கார் நிற்காது. காற்றுப்படும்படி வெளியே சுழலும் டிஸ்க் பிரேக்கில் இக்குறை குறைவு. ஜி.டி.ஓ. காருக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967ஆம் ஆண்டு மாதிரியில்தான், அதுவும் விருப்பமுள்ளவர் பெறக்கூடிய கூடுதல் வசதியாக வந்தது. பெரிய எஞ்சின் 1964இலேயே வந்துவிட்டதை நாம் இங்கே நினைவுகூர வேண்டும்.

அக்காலத்தில் கார்களின் பாதுகாப்பைப் பற்றிய கவலை அந்நாடெங்கும் எழுந்தது. ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர், கார் நிறுவனங்கள் பாதுகாப்பைப் புறக்கணிப்பதைக் கண்டித்து 1965இல் ஒரு நூல் எழுதினார். 1966ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கச் சாலை விபத்துகளில் 50,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எல்லாவகைக் கார்களும் இதில் அடங்கும். அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வாகனப் பாதுகாப்புக்கென்று நாடு முழுவதற்குமான சட்டம் அங்கே நிறைவேறியது. பின்னர் 1970இல் தூய காற்றுச் சட்டமும், 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்தபின் மசில் கார்களின் முதற்காலம் முடிவுற்றது.

ஓடும் ஆற்றலுக்கு ஈடாக நிறுத்தும் ஆற்றல் வேண்டும் என்பதைக் காரின் தொடக்க காலத்திலேயே கண்டுகொண்டவர் ஒரு பெண் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த பெர்த்தா பென்ஸ் அம்மையார், 1888 ஆகஸ்டில் தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் தம் இரு மகன்களோடு மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். வழியில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அவற்றின்மேல் தோல் பதிக்கச் செய்தார். மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்றும் கணவரிடம் எடுத்துரைத்தார். எஞ்சினைச் செய்தவர் கணவர். அதற்கு எவையெல்லாம் துணை நிற்க வேண்டும் என்று ஓட்டிப் பார்த்துச் சொன்னவர் மனைவி.

இன்று இவ்வேலையைச் செய்வோர் கடைப்பிடிக்கும் முறை

பழைய காரில் எஞ்சின் மாற்றும் நல்ல தொழிலாளர் முதலில் கையில் எடுப்பது ஸ்பானரை அன்று, அளவு நாடாவைத்தான். அவர்கள் கவனிப்பவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, எஞ்சினின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றையும், கீழே எண்ணெய்த் தொட்டி எங்கே இறங்குகிறது, குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா என்பதையும், பானெட் மூடுகிறதா என்பதையும் பார்ப்பார்கள். இரண்டாவது, எஞ்சின் தாங்கிகளைச் சரியான இடத்தில் அமைத்து, கியர் பெட்டியோடு ஒரே நேர்க்கோட்டில் பொருத்துவார்கள். கோடு தவறினால் கார் ஓடும்போது அதிர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாவது, புரொபெல்லர் ஷாப்ட்டின் நீளத்தைப் புதிதாக அளந்து, பின் அச்சின் வலிமையையும் சோதிப்பார்கள். நான்காவது, ரேடியேட்டர், விசிறி, பெட்ரோல் குழாய், புகைக்குழாய் ஆகியவை புதிய எஞ்சினின் பசிக்கும் வெப்பத்திற்கும் ஈடுகொடுக்குமா என்று பார்ப்பார்கள். ஐந்தாவது, முன் ஸ்பிரிங்குகள், ஷாக் அப்சர்பர்கள், டயர்கள் ஆகியவற்றை எடைக்குத் தக மாற்றுவார்கள். ஆறாவதாகச் சொன்னாலும் முதலில் முடிக்க வேண்டியது பிரேக். எஞ்சின் வருவதற்கு முன்பே பிரேக்கைப் பெரிதாக்கிவிடுவது அறிவாளியின் செயல்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: பெரிய எஞ்சின் உண்மையிலேயே வேண்டுமா? 1997இல் வெளிவந்த 'எல்.எஸ். 1' என்ற எஞ்சின் அலுமினியத்தால் ஆனது, அளவு 5.7 லிட்டர்தான், ஆயினும் 345 குதிரைத் திறன் தருவது. 1964ஆம் ஆண்டு ஜி.டி.ஓ. காரின் 6.4 லிட்டர் இரும்பு எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட திறன் 325. அதுவும் அக்காலத்தில் எஞ்சினைத் தனியே வைத்து அளந்ததால் சற்றுக் கூடுதலாகவே காட்டிய கணக்கு. அளவிலும் எடையிலும் சிறியது, ஆற்றலில் பெரியதாக இருக்கிறது! அதனால்தான் இன்று பலர் பழைய கார்களில் இவ்வகை எஞ்சின்களை விரும்பிப் பொருத்துகிறார்கள். உருவம் கண்டு எதையும் மதிப்பிடலாகாது என்பதற்கு எஞ்சினும் ஒரு சான்று.

முடிவுரை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எஞ்சின் ஒருபோதும் தனியாக வருவதில்லை. அது தன் எடையோடும், வெப்பத்தோடும், முறுக்கு விசையோடும், வேகத்தோடும் வருகிறது. இந்நான்கையும் தாங்கிக்கொள்ளச் சட்டமும், ரேடியேட்டரும், அச்சும், பிரேக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அவை ஆயத்தமாக இல்லாவிடில், பெரிய எஞ்சின் காருக்கு வலிமை அன்று, பகையே.

புதிய திராட்சை இரசத்தைப் பழைய தோற்பைகளில் ஊற்றினால் பைகள் வெடித்து, இரசமும் சிந்திப்போகும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையைத் திருப்பலியில் நாம் கேட்டிருக்கிறோம். அங்கே அவர் புதிய இரசம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கேற்ற பை வேண்டும், அப்போது இரண்டும் கெடாது என்றுதான் சொன்னார். பழைய காருக்குள் புதிய ஆற்றலைக் கொண்டுவர விரும்புவோருக்கும் இது பொருந்தும்.

தோழியரே, நமக்கும் இது பொருந்துமன்றோ? பள்ளி இறுதி வகுப்பை முடித்து, மேற்படிப்பு, வேலை, சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை என ஒவ்வொன்றாக நம் கைக்கு வரப்போகின்றன. அவை பெரிய ஆற்றல்கள். அவற்றை வேண்டாம் என்று நாம் ஒதுக்க வேண்டியதில்லை; அஞ்சவும் வேண்டியதில்லை. அவற்றைத் தாங்கும் உடல் நலமும், பொறுமையும், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளும் மன உறுதியும் நமக்கு உண்டா என்று இப்போதே சோதித்து, குறையுள்ள இடத்தைச் சரிசெய்துகொள்வோம். பிரேக்கை நம்பி ஓட்டுகிறவரே துணிந்து வேகமாகவும் ஓட்ட முடியும்.